கோதுமை மா வந்த வழி

தீட்டிய அரிசியையும் வெள்ளை மாவையும் சீனியையும் விலக்குங்கள். தவிட்டரிசிக்கும் குரக்கனுக்கும் திரும்புங்கள் என்னும் அறிவுரை இன்று எங்கும் கேட்கின்றது. நீரிழிவு பெருகிவரும் நாட்டில் அவ்வறிவுரை பிழையானதன்று. ஆயினும், அதனைக் கூறுவோர் ஒரு வினாவை எழுப்புவதில்லை. குரக்கன் உண்ட வன்னி மக்கள் கோதுமை மாவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தார்கள்? நாவின் ஆசையாலா? வரலாறு வேறு விடை தருகின்றது.

பழைய வன்னியின் உணவு குளத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தது. குளத்தின் கீழ் நெல் விளைந்தது; காடு வெட்டிய சேனைகளில் குரக்கனும் சாமையும் தினையும் பயறும் எள்ளும் விளைந்தன. நெல்லை அவித்து உலர்த்தி உரலில் குற்றினார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகின்றது. கைக்குற்றலில் தவிடு முற்றாக நீங்குவதுமில்லை. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும் தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அதன்பொருட்டு அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பெண்கள் உலக்கை பிடித்த கைகளால் அந்தச் சத்தை ஏற்கெனவே காத்து வந்தார்கள். இதனால் அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் பாடப்போவதில்லை. மழை பொய்த்தால் பட்டினியும், பெய்தால் மலேரியாவும் அங்கே இருந்தன.

முதல் அடி நிலத்தின்மீது விழுந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியன என்றது. தலைமுறைகளாகச் சேனை செய்த காட்டில் விவசாயி அனுமதிச் சீட்டுக்குக் கைகட்டி நின்றான். சிறுதானியத்தின் வேர் அங்கேயே ஆட்டங்கண்டது.

இரண்டாவது அடி உலகப் போருடன் வந்தது. தோட்டப் பயிரை ஏற்றுமதி செய்து அரிசியை இறக்குமதி செய்த இலங்கை, 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் திகைத்தது. பங்கீட்டு முறையுடன் கோதுமை மாவும் கிராமத்துக்குள் புகுந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் உழைக்கும் மக்கள் ஹர்த்தால் செய்து நாட்டை நிறுத்தினார்கள். தட்டில் விழுவது அரசியலே என்பதை அன்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச்சட்டம் 480, தன் மிகைத் தானியத்துக்குச் சந்தை தேடியது. அந்த மா இலங்கைக்கும் வந்தது. மக்கள் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே அழைத்தார்கள்.

1977இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பிறிமா நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்தது. 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையைக் கொடுக்கும். ஆலை மாவைத் திருப்பிக் கொடுக்கும். தவிட்டை அரைப்புக் கூலியாக வைத்துக்கொள்ளும். கோதுமை விளையாத நாட்டில், கோதுமையின் சத்துமிக்க பகுதி ஆலையின் ஊதியமாயிற்று. வெள்ளை மா மக்களின் உணவாயிற்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயலுக்குத் தப்பி வன்னியில் குடியேறிய மலையகத் தொழிலாளர், தோட்டங்களில் பழகிய ரொட்டியைத் தம்முடன் கொண்டுவந்தார்கள். அவர்களிற் பலருக்கு ரொட்டி இருந்தது, நிலம் இருக்கவில்லை.

பின்னர் போர். 1990களின் பொருளாதாரத் தடையில் உரமும் எரிபொருளும் மறுக்கப்பட்டன. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமே கஞ்சியாகி உயிரைத் தாங்கின. உயிர் தப்பியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியன நிவாரணமாயின. முகாம் 2012இல் மூடப்பட்டது. எனினும் ஊர் திரும்பியோர் அனைவரும் தம் காணிக்குத் திரும்பவில்லை. இராணுவத்தின் பிடியிலிருந்த காணிக்காகக் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வீதியில் குந்தியிருந்து போராட நேர்ந்தது.

கட்டளையாலும் நல்லுணவு பிறக்காது. 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தது, நெல் விளைச்சல் வீழ்ந்தது, விவசாயி கடனாளியானான். மறு ஆண்டு நெருக்கடியில் பாணின் விலையும் ஏழைக்கு எட்டாததாயிற்று. மேலிருந்து வந்த சீர்திருத்தமும், வெளியிலிருந்து வந்த மாவும் ஒருசேரக் கைவிட்டன.

ஆகவே, குரக்கனுக்குத் திரும்புதல் தனிமனிதரின் நாவடக்கத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. விடியுமுன் கூலி வேலைக்குப் புறப்படும் தாய்க்குக் குரக்கனை இடித்து மாவாக்க நேரமில்லை. சங்கக்கடை மாவோ உடனே ரொட்டியாகின்றது. அவளைக் குறை கூறுவது எளிது, நீதியன்று. காணி மீளவேண்டும். சிறுகுளங்கள் திருந்தவேண்டும். தவிட்டை விட்டுவைக்கும் ஆலைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் உள்ளூர்த் தானியம் இடம்பெற்றால், அதனை விளைவிப்போருக்கு உறுதியான சந்தை கிடைக்கும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! உணவுச் சத்தைப் பற்றிய பாடம் நடத்தும் நாளில், அந்த உணவு விளைந்த நிலம் யாரிடம் இருக்கின்றது என்ற வினாவையும் வகுப்பறையில் எழுப்புவோம். ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, அவர்கள் உண்டதையும் அதனை இழந்த விதத்தையும் கேட்டு எழுதிவைப்போம். வன்னியின் உணவு வரலாறு அங்கிருந்துதான் முழுமை பெறும்.