பதினேழு வயதில் எழுதும் உயில்

நம் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வார நாட்களில் அமெரிக்க ஹைஸ்கூலில் படிப்பவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற ஆண்டில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் இயர்புக்கிலோ, பள்ளிச் செய்தித்தாளின் கடைசி இதழிலோ, பெற்றோருக்குத் தலையும் காலும் புரியாத ஒரு பக்கம் சில நேரம் இருக்கும். முதல் மணி அடித்து நான்கு நிமிடம் கழித்து நுழைந்தும் திட்டு வாங்காமல் போய் உட்காரும் சாமர்த்தியத்தை ஒருவன் பதினோராம் வகுப்பு மாணவனுக்கு எழுதி வைத்திருப்பான். ஒருத்தி தன் உயரத்தில் இரண்டு அங்குலத்தைக் கூடைப்பந்து அணியின் குட்டையான தோழிக்குக் கொடுத்திருப்பாள். இன்னொருவன் கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிக் குடுவை உடைக்கும் உரிமையைத் தம்பி வயதுப் பையனிடம் ஒப்படைத்திருப்பான். இதற்கு சீனியர் வில் என்று பெயர். பழைய மலர்களில் கிளாஸ் வில் என்று இருக்கும். பள்ளியை விட்டுப் போகிறவர்கள், இன்னும் அங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு எழுதி வைக்கும் விளையாட்டு உயில்.

நாம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, அங்கியும் தொப்பியும் அணிந்த நம் பிள்ளையின் படத்தைத் தேடிப் போய்விடுகிறோம். தள்ளிவிட வேண்டிய பக்கம் அல்ல அது. அமெரிக்கப் பள்ளி வாழ்க்கையில் மூத்தவர்கள் இளையவர்களை அன்போடு பெயர் சொல்லி அழைக்கும் இடங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று. ஆகவே இம்மலரில் அதன் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டு உயிலுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு அமெரிக்காவைவிட வயதில் மூத்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் ரோமப் பேரரசில் ‘பன்றிக் குட்டியின் உயில்’ என்ற ஒரு சிறு லத்தீன் எழுத்து உலவியது. சமையல்காரன் கத்தியோடு நிற்கிறான். பன்றி கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, சாட்சிகள் வைத்து, முறைப்படி உயில் எழுதுகிறது. உடம்பு மயிரைச் செருப்புத் தைப்பவர்களுக்கும், காதைச் செவிடர்களுக்கும், நாக்கை வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும், மூத்திரப் பையைச் சிறுவர்களுக்கும், குளம்பைத் திருடர்களுக்கும் பங்கு பிரிக்கிறது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாகச் சேர்ந்து இதை ஒப்பித்துச் சிரிப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் எழுதியதால்தான் அந்தச் சிரிப்பு நமக்குத் தெரியவந்தது. யாருக்கு எது பொருந்துமோ அதை அவருக்கு எழுதி வைப்பதில்தான் அந்த உயிலின் சுவை இருக்கிறது. இன்றைய சீனியர் வில்லின் சுவையும் அதுவே.

பிரெஞ்சு மொழியில் பிரான்சுவா வில்லான் 1456இல் ஒன்றும் 1461இல் இன்னொன்றுமாக இரண்டு உயில்களைக் கவிதையாக எழுதினார். கையில் காசில்லாத மனிதர் அவர். நாவிதருக்கு வெட்டிய தன் தலைமுடியையும் செருப்புத் தைப்பவருக்குத் தன் பழைய செருப்பையும் எழுதி வைத்தார். சொத்துள்ளவர்களின் ஆவண மொழியைச் சொத்தில்லாதவர் கையில் எடுக்கும்போது அதில் ஒரு புது உயிர் வந்துவிடுகிறது. பிள்ளைகள் கையில் அது இன்னும் பொருத்தம். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் 18 வயது நிறையாதவர் எழுதும் உயில் சட்டப்படி செல்லாது. எழுதி வைக்கப் பிள்ளையிடம் நிலமோ நகையோ கிடையாது. இருப்பது குணம், பழக்கம், ஒரு சுருட்டை முடி, நினைத்தபோது தூங்கும் வரம். அதையே எழுதி வைக்கிறது.

இந்த வழக்கம் பள்ளிக்கு வந்த பாதை கல்லூரி வழியானது. ஹார்வர்டு போன்ற பழைய கல்லூரிகளில் பட்டம் பெறுவதற்கு முன் ‘கிளாஸ் டே’ என்று ஒரு நாள் கொண்டாடுவார்கள். கல்லூரி நிர்வாகம் நடத்தும் பட்டமளிப்பு வேறு, மாணவர்களே தங்களுக்காக நடத்திக்கொள்ளும் இந்த நாள் வேறு. வகுப்பின் கவிஞர், வகுப்பின் பேச்சாளர் என்று தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். 1821இல் ஹார்வர்டின் வகுப்புக் கவிஞராக இருந்தவர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற எமர்சன். 1838இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ கல்லூரியிலிருந்து தண்டனையாகச் சிறிது காலம் வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்ததால், தன் கவிதையை அன்று படிக்க முடியாமல் போனது.

எமர்சன் கவிதை படித்த அதே 1821இல்தான், பின்னாளில் இங்கிலிஷ் ஹைஸ்கூல் என்று பெயர் பெற்ற பள்ளி பாஸ்டனில் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் பொது ஹைஸ்கூல் அது. அப்போதிலிருந்து ஹைஸ்கூல்கள் மெல்லத்தான் பரவின. மக்களின் வரிப்பணத்தில் ஹைஸ்கூல் நடத்தலாமா என்ற வழக்கில், நடத்தலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1874இல் தீர்ப்பளித்தது. கலமசூ வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அதன்பின் வேகம் கூடியது. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேரே ஹைஸ்கூல் முடித்தார்கள். 1940இல் அது 50 பேர் ஆயிற்று. முப்பதே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. உழவர் வீட்டிலும் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் முதல் தலைமுறையாகப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினார்கள். கல்லூரிக்காரர்களின் கிளாஸ் டே சடங்குகளை அந்தப் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டார்கள்.

அந்தக் கால ஹைஸ்கூல் மலர்களில் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாக வரும். வகுப்பின் வரலாறு, வகுப்பின் உயில், வகுப்பின் ஆரூடம். ஆரூடத்தில் இருபது ஆண்டு கழித்து யார் என்ன ஆவார்கள் என்று கற்பனை செய்வார்கள். உயிலைப் பட்டமளிப்புக்கு முந்தைய ஒரு மாலையில் மேடையேறி உரக்கப் படிப்பார்கள். மத்திய மேற்கு மாநிலங்களின் சில பள்ளிகளில் ‘மேண்டில் உரை’ என்றும் ஒரு சடங்கு உண்டு. பைபிளில் எலியா தீர்க்கதரிசி தன் மேலாடையை எலிசாவுக்கு விட்டுப் போவார் அல்லவா, அதை நினைவில் வைத்து, சீனியர் ஒருவர் ஓர் அங்கியை ஜூனியருக்குப் போர்த்திப் பொறுப்பை ஒப்படைப்பார், ஜூனியர் பதில் பேசுவார். அது கனமான சடங்கு. கிளாஸ் வில் அதன் சிரித்த முகம்.

அச்சு வசதி இதற்குப் பெரிதும் உதவியது. யேல் கல்லூரியின் 1806ஆம் ஆண்டு வகுப்பு வெளியிட்ட நூலை முதல் கல்லூரி இயர்புக் என்று சொல்வது வழக்கம். புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கும் முறை 1880களில் வந்த பிறகு, சிற்றூர்ப் பள்ளிகூட இயர்புக் போட முடிந்தது. மேடையில் ஒரு மாலை கேட்டுச் சிரித்துக் கலைந்திருக்க வேண்டிய உயில், அட்டை போட்ட புத்தகத்தில் நிலைத்தது.

உயிலின் கட்டமைப்பு வக்கீல் எழுதியது போலவே இருக்கும். தெளிந்த புத்தியோடும் நிறைந்த நினைவோடும் இதை எழுதுகிறோம் என்று தொடங்கும். முதல் பங்கு பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும்: எங்கள் நன்றி, நாங்கள் போன பிறகு கிடைக்கப்போகும் நிம்மதி. அடுத்தது ஜூனியர் வகுப்புக்கு மொத்தமாக: அரங்கில் எங்கள் இருக்கைகள், எங்கள் கம்பீரம், நாங்கள் தீர்க்காமல் விட்ட அல்ஜீப்ரா கணக்குகள். பிறகுதான் தனித்தனிப் பங்குகள், அகர வரிசையில், பெயருக்குப் பெயர். கடைசியில் தேதி, முத்திரை, சாட்சிக் கையெழுத்து.

அந்தத் தனிப் பங்குகளில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். ஒற்றை வரியை எடுத்துப் பாருங்கள். கூச்சத்தில் கன்னம் சிவக்கும் தன் குணத்தை ஒரு பெண், எதற்கும் கூச்சப்படாத ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு எழுதி வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுத அவள் முதலில் தன்னை அறிந்திருக்க வேண்டும். தன் கூச்சத்தைப் பார்த்துத் தானே சிரிக்கும் அளவுக்கு அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். அந்த இளையவளையும் உற்றுக் கவனித்திருக்க வேண்டும். மூன்று வருடம் தாழ்வாரத்தில் எதிரெதிரே நடந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த வரி சாட்சி. பதினாறு வயதில், பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி தன் பெயரை அச்சில் எழுதியிருக்கிறாள் என்பதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன இருக்க முடியும்? கொடுத்தவளிடமும் அந்தக் குணம் குறையாமல் இருக்கும். இப்படிப்பட்ட சொத்துக்குப் பாகப் பிரிவினைச் சண்டை கிடையாது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிக்கிறபோது நாம் ஆட்டோகிராஃப் நோட்டு நீட்டினோம். அது பெரும்பாலும் சக மாணவர்களுக்குள் நடந்தது. பிரிவு உபசார விழாவைப் பதினோராம் வகுப்பினர் நமக்கு எடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டு வந்தோம். கீழ்வகுப்புப் பிள்ளைக்கு நாம் எதை விட்டு வந்தோம் என்று யோசித்தால், பழைய நோட்ஸும் புத்தகமும் தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. போகிறவர் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மனமார மதிக்கிறேன்.

இந்தச் சிரிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்க முடியாது. 1942 நவம்பரில் அமெரிக்க அரசு கட்டாய ராணுவ சேவைக்கான வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டுகளின் இயர்புக்குகள் பல, படையில் சேர்ந்த மாணவர்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. உயில் என்ற சொல் அந்தப் பையன்களின் வீடுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இன்னொரு வரலாறு நாம் அறிய வேண்டியது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனி ஹைஸ்கூல்கள் இருந்த காலத்தில், அவையும் தங்கள் இயர்புக்குகளைப் பெருமையோடு வெளியிட்டன. 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்றது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அது உண்மையில் நடைமுறைக்கு வந்தபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அவற்றின் கோப்பைகளும் படங்களும் பல இடங்களில் சிதறின. ஜூனியர்கள் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். சீனியர் எதை எழுதி வைத்தாலும் அதை அனுபவிக்க அந்தப் பள்ளி இல்லை. இன்று வட கரோலினாவின் எண்ணிம மரபு மையம் அம்மாநிலத்தின் பழைய இயர்புக்குகளை, அந்தக் கறுப்பினப் பள்ளிகளின் மலர்கள் உட்பட, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பேத்தி தன் பாட்டியின் பதினேழு வயதுப் படத்தை அங்கே காணலாம். படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பாட்டி வகுப்பில் ஓயாமல் பேசியவர் என்பதை உயில்தான் சொல்லும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அன்பு இல்லாத கையில் இந்த உயில் கத்தி. ஒருவரின் உடல் எடையை, திக்குவாயை, குடும்ப நிலையைக் குத்திக் காட்டவும் அதே வடிவம் போதும். போதைப் பொருளையும் அந்தரங்க விஷயங்களையும் ஆசிரியருக்குப் புரியாத சங்கேதத்தில் எழுதி அச்சில் ஏற்றியவர்களும் உண்டு. பதினேழு வயதில் எழுதியது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான 2018 செனட் விசாரணையில், பிரெட் கவனாவிடம் அவருடைய 1983 இயர்புக் வாசகங்களுக்குப் பொருள் கேட்டார்கள்.

பள்ளி நிர்வாகம் தலையிடும் உரிமையை 1988இல் ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மிசௌரியில் ஒரு பள்ளியின் முதல்வர் மாணவர் செய்தித்தாளிலிருந்து இரண்டு பக்கங்களை நீக்கியதில் தொடங்கிய வழக்கு அது. பள்ளி தன் பெயரில் வெளியிடும் மாணவர் இதழில், கல்வி நோக்கிலான தகுந்த காரணம் இருந்தால் நிர்வாகம் கைவைக்கலாம் என்று 5-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. சீனியர் வில்லைச் சரிபார்த்துத் திருத்துவது கடினம், நிறுத்துவது எளிது. பல பள்ளிகள் நிறுத்திவிட்டன. பள்ளிகள் பெரிதானதும் ஒரு காரணம். முப்பது பேர் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வரி கிடைத்தது. அறுநூறு பேர் வகுப்பில் அதற்கு இடமேது?

ஆனாலும் வழக்கம் சாகவில்லை. இன்று அது மார்ச்சிங் பேண்டிலும், நாடகக் குழுவிலும், நீச்சல் அணியிலும், பள்ளிப் பத்திரிகை அறையிலும் வாழ்கிறது. ஆண்டு இறுதி விருந்தில் எழுந்து நின்று படிக்கிறார்கள். ஒரு பழைய தொப்பியோ, முருங்கைக்காய் போல வளைந்த டிரம் குச்சியோ கைமாறுகிறது. சிறு கூட்டம், எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். இந்த உயிலுக்கு ஏற்ற அளவு அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரை ஒருவர் அறியாத இடத்தில் இதை நிறுத்தியது சரி. அறிந்த இடத்தில் நிறுத்தியது பிழை.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அப்படி அறிந்த இடம். மூத்த நிலைப் பிள்ளைகள் உதவி ஆசிரியர்களாக வந்து சிறியவர்களுக்கு உயிர்மெய் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். யார் ‘ழ’கரத்தில் தடுக்குவார், யார் இடைவேளைக்கு முன்பே முறுக்கை முடித்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் நீண்ட பெயர்களைப் பாதியில் வெட்டாமல் முழுதாக அச்சிடும் இடமும் இதுவே. எனவே இந்த ஆண்டு விடைபெறும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் நீங்கள் பெயர் சொல்லி அறிந்த ஓர் இளையவருக்கு, உங்கள் குணம் ஒன்றைத் தமிழில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். எழுதியதை முதலில் அந்தப் பிள்ளையிடம் காட்டிச் சம்மதம் பெறுங்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு மலரில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவோம்.