வேவல்ஸ்பேர்க்: பூச்சு உரிக்கப்பட்ட கோட்டை

ஜேர்மனியின் மேற்கே, பாடர்போர்ன் நகருக்குக் கிட்ட, அல்மே ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற பாறையில் நிற்கிறது வேவல்ஸ்பேர்க் கோட்டை. மேலிருந்து பார்த்தால் முக்கோணம். மூன்று சிறகுகள், மூலைக்கொரு வட்டக் கோபுரம், நடுவில் முக்கோண முற்றம். இதில மந்திரம் மாயம் ஒண்டும் இல்லை. பாறை ஒடுங்கிப் போற இடத்தில் கட்டிடமும் ஒடுங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

1603 தொடக்கம் 1609 வரை இதைக் கட்டுவித்தவர் பாடர்போர்னின் ஆயர் டீட்ரிக் ஃபொன் ஃபூர்ஸ்டன்பேர்க். அந்தக் காலத்தில் அங்கே ஆயர்தான் ஆட்சியாளரும். பெயர்தான் கோட்டை, உண்மையில் ஆயர்கள் நாட்டுப்புறத்துக்கு வந்து தங்கிப்போகும் மாளிகை. முப்பதாண்டுப் போரில் சேதப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது. 1815 இல் இடி விழுந்து வடக்குக் கோபுரம் எரிந்தது. 1920களில் உள்ளூர் நிர்வாகம் பொறுப்பெடுத்து இளைஞர் விடுதியும் சின்ன அருங்காட்சியகமும் நடத்தியது.

1934 இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் இதைக் குத்தகைக்கு எடுத்தார். 100 வருசம், வருசத்துக்கு 1 மார்க்! எஸ்.எஸ். செய்த முதல் வேலைகளில் ஒன்று, வெளிச்சுவரின் பூச்சை உரித்து எடுத்தது. அகழியையும் ஆழமாக்கினார்கள். ஏனெண்டால், பூச்சுப் பூசிய ஆயர் மாளிகை அவர்களுக்குப் போதவில்லை. கல் தெரிய வேணும், கரடுமுரடாக இருக்க வேணும், பழைய போர்க்கோட்டை மாதிரி மிரட்ட வேணும். அந்தக் கட்டிடத்துக்கு இல்லாத ஒரு பழமையைத் திருத்தவேலை எண்ட பெயரில் உண்டாக்கினார்கள். கட்டிடக்கலையால் பொய் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டிடக்கலைஞர் ஹேர்மன் பார்ட்டெல்ஸ் வரைந்த திட்டங்கள் வரவரப் பெருத்தன. கடைசியில் வடக்குக் கோபுரத்தை மையமாக வைத்துப் பிரமாண்டமான அரைவட்டத்துக்கும் மேற்பட்ட ஒரு வளாகம். அதற்காக ஊரையே கிளப்பி வேறிடத்தில் வைக்கிற யோசனை. அந்தத் தலைக்கனத்துக்குக் கல் சுமந்தவர்கள் கைதிகள். 1939 இல் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இருந்து முதற்தொகுதி வந்தது. பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே நீடர்ஹாகன் முகாம். யெகோவாவின் சாட்சிகள், சோவியத் நாட்டவர், போலந்துக்காரர் எனக் கிட்டத்தட்ட 3,900 பேர். செத்துப்போனதாக உறுதிப்படுத்தப்பட்டவர்கள் 1,285 பேர். மூன்றில் ஒருவர்.

வடக்குக் கோபுரத்தின் அடியில் பாறையைக் குடைந்து வட்டமான நிலவறை ஒன்றை அமைத்தது அவர்களின் கைகள்தான். அதற்கு மேலே 12 தூண்கள் உள்ள மண்டபம். தரையின் நடுவே கரும்பச்சைப் பளிங்கில் 12 ஆரங்கள் கொண்ட சக்கரம். 1990களில் இருந்து தீவிர வலதுசாரிகள் அதைக் 'கறுப்புச் சூரியன்' என்று அழைத்துத் தங்கள் அடையாளமாக்கினார்கள். 2019 இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் சுட்டவனும் அதைப் பயன்படுத்தினான். இணையத்தில் கோட்டையின் பெயரைத் தேடினால் ரகசியச் சடங்கு, மாந்திரீகம் எண்டு கதை கதையாக வரும். கல் சுமந்த ஆக்களைப் பற்றி ஒரு வரி வந்தால் பெரிய விசயம்.

1945 மார்ச் 31 இல் ஹிம்லரின் உத்தரவுப்படி கோட்டைக்கு வெடிவைத்தார்கள். வெடிமருந்து போதவில்லை, மிச்சத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டு நாளில் அமெரிக்கப் படை வந்தது. வடக்குக் கோபுரம் தப்பி நின்றது. 1950 இல் இளைஞர் விடுதி திரும்பத் திறக்கப்பட்டது. முகாமின் வாசல் கட்டிடம் வீடாகியது, சமையற்கூடம் தீயணைப்பு நிலையமாகியது. ஊருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். எஸ்.எஸ். காலத்தைப் பற்றிய நினைவு அருங்காட்சியகம் வர 1982 ஆகிவிட்டது. கைதிகள் வரிசையில் நிறுத்தப்பட்ட திடலில் நினைவுச்சின்னம் வைக்க 2000.

இப்ப அந்த மண்டபத்துக்குள் போனால் தரையில் சக்கரம் கண்ணில் படாமல் இருக்க, பஞ்சுமூட்டை மாதிரியான இருக்கைகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதில சாய்ந்திருந்துதான் வழிகாட்டி சொல்வதைக் கேட்கிறார்கள்.