மாற்றுச் சிறுநீரகமும் அதன் தந்துகிகளும்

1902ஆம் ஆண்டில் ஃபிரான்சின் லியோன் நகரில் அலெக்சி கேரல், அறுபட்ட இரத்தக்குழாய்களின் முனைகளைத் தைத்து இணைக்கும் முறையை வெளியிட்டதும் உறுப்பு மாற்றத்துக்கான அறுவை நுட்பம் கைக்கெட்டியது; ஆயினும், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஆயுள், தையலிட்ட பெருங்குழாய்களைவிட, இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய தந்துகிச் சுருளான கிளாமருலஸையே பெரிதும் சார்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே ஒத்த இரட்டையரிடையே செய்த மாற்று அறுவை வெற்றி பெற்றது. மரபணு ஒற்றுமையால் இத்தகையோரின் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கவில்லை எனினும், அவர்களுள் சிலரிடம் பழைய சிறுநீரகங்களை அழித்த கிளாமருலஸ் அழற்சியே புதியதிலும் திரும்பியது.

1960களில், பிறரிடமிருந்து பெற்ற சில சிறுநீரகங்கள் இரத்தம் பாய்ந்த சிறிது நேரத்திலேயே நீலம் பாரித்துச் செயலிழந்தன. நோயாளியின் இரத்தத்தில் முன்பே இருந்த எதிர்ப்பொருள்கள், குழாய்களின் உட்படலமான எண்டோதீலியத்தைத் தாக்கியதால் உறைகட்டிகள் தோன்றித் தந்துகிகளை அடைத்தன. இத்தகைய எதிர்ப்பொருள் சோதனையில் தென்பட்ட 30 மாற்றங்களில் 24 உடனடியாகத் தோற்றன என்றும், தென்படாத 195இல் 8 மட்டுமே தோற்றன என்றும் 1969இல் பட்டேலும் டெராசாக்கியும் அறிவித்தனர்.

மெல்ல நிகழும் சேதம் வேறு வகையினது: எண்டோதீலியம் பல்லாண்டுகள் தாக்கப்படும்போது புதிய அடிச்சவ்வு உருவாகி, தந்துகிச் சுவர் நுண்ணோக்கியில் இரட்டைக் கோடாகத் தெரிகிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது. 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய நோயியலாளர்கள் தொடங்கிய வகைப்பாடே, இச்சேதத்தை அளவிடும் பொதுமுறையாக இன்றும் திருத்தங்களுடன் நிலவுகிறது.