பூரணத்துவ மனிதன்: இரு ஆளுமை வகைப்பாடுகளின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

மனிதரை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது. கிரேக்க மருத்துவ மரபு உடற்திரவங்களின் அடிப்படையில் நால்வகை இயல்புகளைப் பேசிற்று. நமது சித்த மருத்துவம் வாத, பித்த, கப உடல்களைப் பேசிற்று. ஆயின் 20ஆம் நூற்றாண்டில் தோன்றிய இரு வகைப்பாடுகள், அதாவது மையேர்ஸ்-பிறிக்ஸ் வகைப்பாடும் எனியாகிறாம் எனப்படும் ஒன்பான் வகைப்பாடும், பெற்றுள்ள செல்வாக்குத் தனியானது. அண்மைக் காலத்தில் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எனியாகிறாமின் முதலாம் வகையினனான பூரணத்துவவாதி பதினாறு மையேர்ஸ்-பிறிக்ஸ் வகைகளிலும் எவ்வெவ்வாறு தோன்றுவான் என அட்டவணையிடும் வழக்கமும் பரவியுள்ளது. அக்கேள்வியை வெறும் பொழுதுபோக்கென நாம் ஒதுக்கிவிட விரும்பவில்லை. எனினும் விடை தேடப் புகுமுன், இக்கருவிகள் எவரால், எத்தேவையின்பொருட்டு ஆக்கப்பட்டன என்பதை அறிதல் இன்றியமையாதது.

சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் 'உளவியல் வகைகள்' என்னும் நூலை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923இல் வந்தபோது, மனித இயல்புகளைப் பற்றித் தாமே குறிப்புகள் திரட்டி வந்த கதறின் பிறிக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, அக்குறிப்புகளை எரித்துவிட்டு யுங்கின் மாணவியானார் என்பர். அவரோ அவர் மகள் இசபெல் மையேர்சோ உளவியலை முறையாகப் பயின்றவரல்லர். இசபெல் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர். அவரது 1934ஆம் ஆண்டு நாவல், தமது குருதியில் கறுப்பினக் கலப்புண்டு என்ற ஐயத்தால் மாய்ந்துபோகும் குடும்பமொன்றைப் பற்றியது. எல்லா மனிதரும் வேறுபட்ட கொடைகளை உடையவர் என்று பிற்காலத்தில் எழுதிய கரம் இதையும் எழுதிற்று என்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலமே இக்கருவியின் பிறப்பிடம். தொழிலாளர் போர்முனைக்குச் செல்ல, அதுவரை தொழிற்சாலை காணாத பெண்கள் அவ்விடங்களை நிரப்பினர். யாரை எவ்வேலையில் அமர்த்துவது என்பது நிருவாகத்தின் அவசரப் பிரச்சினையாயிற்று. பிலடெல்பியா வங்கியொன்றின் ஆளணி முகாமையாளரான எட்வேட் ஹேயிடம் சோதனை ஆக்கும் முறையைக் கற்ற இசபெல், 1943 அளவில் தமது வினாக்கொத்தின் முதல் வடிவத்துக்குப் பதிப்புரிமை பெற்றார். 1962இல் கல்விச் சோதனைச் சேவை நிறுவனம் அதனை ஆய்வுக்கருவியாக வெளியிட்டது. 1975இல் அது வணிக வெளியீட்டகம் ஒன்றின் கைக்குச் சென்றது. முதலாம் உலகப் போர்க்கால வினாக்கொத்துகள் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகக்கூடியவனைக் கண்டறிய முயன்றன. இசபெலின் கருவியோ நோயாளியை அன்றிப் பொருத்தமான ஊழியனையே தேடிற்று. அதனால் அதில் எவ்வகையும் குறையுடையதன்று. எல்லோரும் ஏதோ ஒரு கதிரைக்கு உகந்தவரே. நெடுங்காலமாகச் சிந்தனை-உணர்வு அளவுகோலில் ஆணும் பெண்ணும் அளித்த ஒரே விடைக்கு வெவ்வேறு நிறை வழங்கப்பட்டமையும் இங்கு கருதற்பாலது.

எனியாகிறாமின் தோற்றம் முற்றிலும் வேறானது. ஒன்பது முனைகொண்ட அவ்வுருவத்தை மேற்குலகில் அறிமுகப்படுத்திய குர்ஜியெவ் (இறப்பு 1949) அதனைப் பிரபஞ்ச நியதிகளின் குறியீடாகவே கையாண்டார். ஆளுமை வகைகளைப் பேசவில்லை. பொலிவியாவிற் பிறந்த ஒஸ்கார் இச்சாசோவே அதனோடு ஒன்பது மனப்பிணிப்புகளைப் பொருத்தினார். 1970இல் சிலி நாட்டின் அரிக்கா நகரில் அவரிடம் பயின்ற உளமருத்துவர் குளோடியோ நரஞ்சோ, அதனைக் கலிபோர்ணியாவின் பேர்க்லி நகருக்குக் கொண்டுவந்து உளமருத்துவ மொழியில் விரித்தார். அங்கிருந்து இயேசு சபையைச் சேர்ந்த றொபேட் ஒக்ஸ் வழியாகச் சிக்காகோவின் லொயோலாப் பல்கலைக்கழகத்தையும் துறவு மடங்களையும் அது அடைந்தது. இச்சாசோவின் நிறுவனம் பின்னர் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தபோது, 1992இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நிராகரித்தது. தாம் கண்டறிந்தவை உண்மைகளே என்று ஆசிரியர் சாதித்திருந்தமையால், உண்மைக்கு உரிமை கோர இயலாது என்றாயிற்று. ஞானத்துக்கு உடைமையாளர் உண்டோ என்ற வினா நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டமை சுவையானதே.

ஒன்பது பிணிப்புகளின் உள்ளடக்கம் பழையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவியான எவாகிரியஸ் தொகுத்த எண்வகைத் தீய எண்ணங்களும், ஆறாம் நூற்றாண்டில் முதலாம் கிறகோரி பாப்பரசர் வகுத்த தலையான பாவங்கள் ஏழும் அதில் எதிரொலிக்கின்றன. முதலாம் வகைக்கு உரிய பாவம் சினம். ஒழுங்கும் கடமையும் தவறாத பூரணத்துவவாதியைச் சினத்தோடு இணைத்தமையே இம்மரபின் மிக நுண்ணிய அவதானம் என்போம். அவன் கோபிப்பதில்லை, கோபம் தவறென்று கருதுவதால் அது மனக்கசப்பாகி உறைகிறது. 1908இல் புரொய்ட் ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த குணவார்ப்பை விவரித்தமையும், 1950இல் கேரன் ஹோர்னி 'வேண்டும்' என்னும் சொல்லின் கொடுங்கோன்மை பற்றி எழுதியமையும் நரஞ்சோவுக்குத் துணை நின்றன.

இனி இரு வகைப்பாடுகளும் சந்திக்கும் இடத்தை நோக்குவோம். ஒன்று, மனிதன் எவ்வாறு அறிகிறான், எவ்வாறு முடிவெடுக்கிறான் என்கிறது. மற்றது, எதனால் அவன் உந்தப்படுகிறான் என்கிறது. ஆகவே பூரணத்துவவாதி ஒரே உந்துதலோடு வெவ்வேறு சட்டங்களுக்குப் பணிபவனாகத் தோன்றுதல் இயல்பே. அகமுகமும் புலனறிவும் சிந்தனையும் தீர்மானமும் கூடியவனுக்குச் சட்டம் வெளியே எழுதப்பட்டுள்ளது: கணக்கேடு, நடைமுறை, முன்னோர் வகுத்த முறை. இவனே புறமுகமாயின் மேற்பார்வையாளனாகிப் பிறரின் பிழையை எண்ணத் தொடங்குகிறான். உள்ளுணர்வும் சிந்தனையும் மிக்கவனுக்கு மேசை அலங்கோலமாயிருப்பது பொருட்டன்று. ஒரு கோட்பாட்டில் உள்ள முரண்பாடே அவனை உறங்கவிடாது. உள்ளுணர்வோடு உணர்வு மிக்கவனோ இருக்கும் மனிதனை இருக்கவேண்டிய மனிதனோடு ஒப்பிட்டு வேதனையுறுகிறான்; சீர்திருத்தக்காரர் பலர் இவ்வினத்தவர்.

தீர்மான இயல்பற்ற, நெகிழ்வான வகையினரிடையே பூரணத்துவவாதி அரிதென்றே பொதுவாகக் கூறப்படுகிறது. இதனை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. இசபெல் மையேர்சே தம்மை அகமுக, உள்ளுணர்வு, உணர்வு, நெகிழ்வு வகையினர் என்று கொண்டவர். எனினும் 1980இல் இறக்கும்வரை ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் தமது வினாக்களைத் திருத்தியும் மறுதிருத்தியும் வந்தார். ஒழுங்கான அட்டவணையிலன்றி, ஒருபோதும் முடிவுறாத வேலையிலும் பூரணத்துவ நாட்டம் வெளிப்படும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. அவரது கருவி அதனை அவரிடம் கண்டிருக்க முடியாது.

ஏன் முடியாது என்பது முக்கியமானது. 1989இல் மக்கிறே, கொஸ்ரா ஆகிய ஆய்வாளர் இருவர் மையேர்ஸ்-பிறிக்ஸ் அளவுகளை ஐங்காரணி ஆளுமை மாதிரியோடு ஒப்பிட்டனர். தீர்மான-நெகிழ்வு அளவு கடமையுணர்வோடு தொடர்புற்றது. ஆயின் பதற்றம், குற்றவுணர்வு, சினம் முதலிய உளத்துயரைக் காட்டும் காரணிக்கு அக்கருவியில் இணையான அளவே இல்லை. பூரணத்துவவாதியின் ஒழுங்கை அது பதிவுசெய்கிறது; அவன் அதற்குச் செலுத்தும் விலையைப் பதிவுசெய்வதில்லை. ஊழியனின் ஒழுங்கை விலைக்கு வாங்கும் அலுவலகத்துக்கு அவனது உறக்கமின்மை கணக்கில் வராத செலவு. எனியாகிறாம் அவ்விலையை அறியும். ஆனால் அதனைத் தனிமனிதனின் பாவமாகவோ அறியாமையாகவோ கண்டு, அவனது அகத்துக்குள்ளேயே பரிகாரம் தேடுகிறது.

இரண்டும் தவறவிடுவதொன்றுண்டு. 1991இல் ஹியூவிற், பிளெற் என்போர் பூரணத்துவத்தை மூன்றாகப் பிரித்தனர்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, சமூகம் தன்னிடம் எதிர்பார்ப்பதாக உணர்வது. முதலிரண்டையும் நரஞ்சோவின் உட்பிரிவுகளில் ஓரளவு காணலாம். மூன்றாவது எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அடங்காது. கரன், ஹில் ஆகியோர் அமெரிக்க, கனேடிய, பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர் 41,641 பேரின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1989 முதல் 2016 வரை மூவகைப் பூரணத்துவமும் உயர்ந்துள்ளது. மூன்றாவதே மிகக் கூடுதலாக உயர்ந்தது. பிறப்போடு வந்த வகையெனில், ஒரு தலைமுறைக்குள் அது இவ்வாறு பெருகுவதெங்ஙனம்? சந்தைப் போட்டியும் தனிமனிதத் தகுதிவாதமும் கடுமையுற்ற காலம் அது என்பதை ஆய்வாளர்களே சுட்டுகின்றனர். அங்கு முதலாம் வகையினர் திடீரெனப் பலராய்ப் பிறந்துவிடவில்லை. மாணவருக்கு இடப்பட்ட பரீட்சையே மாறியிருந்தது.