விலக்கு

பேரையூர்ப் பக்கம் பேருந்து ஏறியோர் அறிவர். நெடுஞ்சாலையினின்று சிற்றூருக்குப் பாதை பிரியும் இடத்திற்கு 'விலக்கு' என்று பெயர். "விலக்குல இறக்கி விடுப்பா" என்பாள் கிழவி. யாரையும் தடுக்காது வழிகாட்டும் சொல் அது!

அச்சொல் ஏட்டில் ஏறியதும் என்ன ஆயிற்று? குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், மனு முதலான நூல்கள் விதித்தவற்றைச் செய்வதும் விலக்கியவற்றை ஒழிப்பதுமே அறம் என்றார். வள்ளுவர் எங்கே, மனு எங்கே! விலக்குவோர் யார், விலக்கப்படுவோர் யார் என்று அங்கே கேட்பாரில்லை.

ஊர் கேட்டது. 1897-இல் கமுதிக் கோயிலுள் நாடார் சமூகத்தார் நுழைந்தனர். இராமநாதபுரம் மன்னர் வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1908-இல் தீர்ப்பு வந்தது: நுழையக் கூடாது! கடல் கடந்தால் தீட்டு என்போருக்கு, தீட்டைக் காக்கும் தீர்ப்பு மட்டும் கடல் கடந்து வந்தது கசக்கவில்லை.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி கோயிலுள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர் ஐவரோடும் நாடார் ஒருவரோடும் நுழைந்தார். எதிர்ப்பு மூண்டது, வழக்கு அச்சம் எழுந்தது. அரசு விரைந்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டே முழுச் சட்டமும் வந்தது. ஆலயம் திறக்க இசைவும், அதன்பொருட்டு வழக்கில் சிக்கக்கூடியோருக்குப் பாதுகாப்பும் அதிலிருந்தன. அதாவது, மனிதன் மீதிருந்த விலக்கை நீக்க, சட்டத்தினின்று ஒரு விலக்கு வேண்டியிருந்தது! அப்போதும் கதவு அறங்காவலர் இசைந்தால்தான் திறக்கும். நுழைவது உரிமை என்று சட்டம் சொல்ல 1947 ஆயிற்று.

1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. அங்கே விலக்கு என்றால் கூடாது. வரிவிலக்கிலோ, கட்ட வேண்டாம். குடிப்பவனுக்குத் தடையாவது வரி கட்ட வேண்டியவனுக்குச் சலுகையாகிறது.

இன்னும் ஒன்று உண்டு. அதை எழுத நாம் ஏன் கூச வேண்டும்? மாதவிலக்கு! இதற்கு அரசாணை இல்லை, காவலர் இல்லை, மேல்முறையீடும் இல்லை. நம் பேரையூர் வட்டாரத்துக் கூவலப்புரத்தில் அந்நாட்களில் பெண்கள் வீட்டை விட்டுத் தனிக் கட்டடத்தில் தங்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் செய்தியாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளது. அக்கட்டடத்திற்கு 'முட்டுத்துறை' என்று பெயர். கமுதிக்கு வழக்கு மன்றம் இருந்தது, மதுரைக்குச் சட்டம் வந்தது. இவர்களுக்கு எந்த மன்றம்?

நம் வகுப்பறையில் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் காலியாகும் பெண் பிள்ளைகளின் இடங்களை நாம் அறிவோம். காரணமும் அறிவோம். வருகைப் பதிவேட்டில் 'விடுப்பு' என்று எழுதி மூடுகிறோம்.