குமாஸ்தாவின் குறும்பு

அலுவலகக் குறும்பனைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை. கோகோல் 1842-இல் வெளியிட்ட 'மேலங்கி' கதையிலேயே அவன் இருக்கிறான். தனி ஆளாக அல்ல, கும்பலாக. பீட்டர்ஸ்பர்க் இலாகா ஒன்றில் பிரதி எடுக்கும் அக்காக்கி அக்காக்கியெவிச்சின் தலையில் சக குமாஸ்தாக்கள் காகிதத் துணுக்குகளைத் தூவிவிட்டு, பனி பெய்கிறது என்கிறார்கள். அவன் பொறுத்துக்கொள்கிறான். எழுதுகிற கையைத் தட்டிவிட்டால் மட்டும் கெஞ்சுகிறான். அந்தக் கெஞ்சலைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன் சிரிப்பை நிறுத்திவிடுகிறான். பிறகு பல காலத்துக்கு அக்குரல் அவனை விடுவதில்லை. அக்காக்கிக்குத் தன் வேலைமீது காதல் இருந்தது. சில எழுத்துக்களை எழுதும்போது முகமே மலரும். கோகோல் வாசகனை உட்காரவைத்த இடம் அவனருகில்தான்.

159 ஆண்டுகளுக்குப் பிறகு இடம் மாறிவிட்டது. 2001 ஜூலையில் பி.பி.ஸி.யில் 'தி ஆபீஸ்' தொடங்கியது. எழுதி இயக்கியவர்கள் ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும். களம் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற தொழில் நகரில் ஒரு காகிதக் கம்பெனியின் கிளை. அங்கே டிம் (மார்ட்டின் ஃப்ரீமன்) தன் சகா காரெத்தின் ஸ்டாப்ளரை ஜெல்லிக்குள் உறையவைத்து விடுகிறான். 2005-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது கம்பெனி பென்ஸில்வேனியாவின் ஸ்க்ரான்டனுக்குப் போயிற்று; டிம் ஜிம் ஆனான், காரெத் ட்வைட் ஆனான்; ஜெல்லி மட்டும் மாறவில்லை. 2013 வரை ஒன்பது பருவங்கள் ஓடிய அத்தொடரில் ஜிம்மின் குறும்புகள் (நடித்தவர் ஜான் க்ரஸின்ஸ்கி) நுட்பம் ஏறிக்கொண்டே போயின. ஒருமுறை ட்வைட்டைப் போலவே உடுத்தி, அவனைப் போலவே பேசிக்கொண்டு வந்து எதிரே உட்காருகிறான்.

உத்தி எளிது. அலுவலகத்தில் ஆவணப் படம் எடுப்பதாகப் பாவனை; காமெரா உள்ளே இருக்கிறது என்பது பாத்திரங்களுக்குத் தெரியும். குறும்பு முடிந்ததும் ஜிம் லென்ஸைப் பார்க்கிறான், ஒரு வார்த்தையும் இல்லாமல். அந்த ஒரு பார்வையில் பார்வையாளன் அவனுடைய கூட்டாளி ஆகிவிடுகிறான். கோகோலின் இளைஞனுக்கு ஏற்பட்ட விழிப்பு நமக்கு ஏற்படவொட்டாமல் அந்தப் பார்வையே தடுத்துவிடுகிறது.

யார்மீது சிரிக்கிறோம்? காரெத்தும் ட்வைட்டும் வேலையை நம்புகிறவர்கள். பதவி, ஒழுங்கு, விற்பனை இவையெல்லாம் அவர்களுக்கு நிஜம். டிம்முக்கு அப்படியல்ல. முப்பது வயது ஆகிறது, வேலையை விட்டு மனோதத்துவம் படிக்கப்போவதாகச் சொல்கிறான், போவதில்லை. தன்னால் நம்பமுடியாததை இன்னொருவன் நம்புவது அவனுக்குத் தாங்கவில்லை. ஜெல்லி அங்கிருந்து பிறக்கிறது. இதைக் கலகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. முதலாளிக்கு இதனால் ஒரு காசு நஷ்டமில்லை. பக்கத்து மேஜைக்காரனைத் தாக்குவது கலகமல்ல, சலிப்பு.

சலிப்புக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: முதல் தேதி சம்பளம் வரும் என்ற நிச்சயம். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஹாஸ்யத்தில் அந்த நிச்சயம் நெடுங்காலம் இருக்கவில்லை. 1981-இல் பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு'வை (1979-இல் வந்த இந்தி 'கோல் மால்' அதன் மூலம்) எடுத்துக்கொள்ளலாம். ரஜினிகாந்தின் இந்திரன் மீசை இல்லாத தம்பி ஒருவனைக் கற்பித்து முதலாளியை ஏமாற்றுகிறான். ஏமாற்று மேல்நோக்கிப் போகிறது. காரணம் வேலை போய்விடுமோ என்ற பயம். 2001-இல் வந்த இந்தித் தொடர் 'ஆபீஸ் ஆபீஸ்' வேறு திசை. அங்கே குமாஸ்தாக்கள் ஒன்றுசேர்ந்து முஸத்திலால் (பங்கஜ் கபூர்) என்ற சாதாரணக் குடிமகனை அலைக்கழிக்கிறார்கள். அங்கே குறும்பின் பெயர் லஞ்சம். ஆங்கிலத் தொடரையே தழுவி 2019-இல் ஹாட்ஸ்டாரில் வந்த இந்தி வடிவம் ஃபரீதாபாத்தில் மறுபடி ஒரு காகிதக் கம்பெனியை நிறுவியது. அதற்குள் நமக்கும் சலிப்பு வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

ஆனால் எல்லாருக்கும் வந்துவிடவில்லை. காகிதம் என்றால் எங்கள் பக்கத்தில் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சுத்தொழில் அதைத் தொட்டு வளர்ந்தது, பட்டாசு சேர்ந்துகொண்டது. தேசத்தின் எத்தனையோ ஆபீஸ் சுவர்களில் தொங்கும் காலண்டர் இங்கே அச்சானது. அந்தச் சுவருக்குக் கீழே ஜிம் இருக்கலாம். காலண்டரும் பட்டாசும் செய்கிற இடத்தில் அவனுக்கு இடமில்லை. எண்ணிக்கைக் கூலியில் குறும்பு செய்யும் நிமிஷம் கூலியில் கழியும். மருந்து அறையில் அதைவிடப் பெரிய தடை: இரும்புச் சாமான் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது, உராய்வு கூடாது. பக்கத்தில் இருப்பவனைத் திடுக்கிட வைப்பதற்கு அங்கே வேறு அர்த்தம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

2009 பிப்ரவரியில் ஒளிபரப்பான அமெரிக்கத் தொடரின் பகுதி ஒன்று இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. பாதுகாப்புப் பாடத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ட்வைட் ஆபீஸுக்குள்ளேயே புகை கிளப்புகிறான், கதவுகளை அடைக்கிறான், பட்டாசு கொளுத்துகிறான். ஒரு சகாவுக்கு மாரடைப்பு வந்துவிடுகிறது. உலகம் விழுந்து விழுந்து சிரித்த காட்சி இது. சிரிப்பின் காரணமும் தெளிவு. காகித ஆபீஸில் தீ வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே விதியை நம்புகிறவன் கோமாளி. அதே மனிதனைச் சிவகாசிப் பட்டறையில் போர்மேனாக வைத்துப் பார்த்தால், வாசலில் நின்று செருப்பைக் கழற்றச் சொல்பவன் அவன்தான். அறைக்கு இத்தனை பேருக்குமேல் கூடாது என்று கத்துபவனும் அவன்தான். அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இங்கேயும் இருப்பார்கள். அவன் சொல் எடுபட்ட நாளில் எல்லாரும் வீடு திரும்புவார்கள்.

இதனால் ஜிம்மைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. சலிப்பும் ஒரு அனுபவம். அதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சிருஷ்டி குறைவு. ஆனால் தமிழில் இப்பாத்திரத்தை எழுத முனைகிறவன் ஜெல்லியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் போதாது. காமெராவைப் பார்க்கும் அந்தப் பார்வையை யாருக்குக் கொடுப்பது என்பதை அவன் முதலில் தீர்மானிக்க வேண்டும். கோகோல் அதைக் குறும்பனிடமிருந்து பிடுங்கி, சிரிப்பை நிறுத்திக்கொண்ட ஒருவனிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.