சோதனைத் தட்டுக்குப் பிறகு: சுனிதி சாலமனின் நுண்ணுயிரியல்

இந்திய மருத்துவ வரலாற்றில் சுனிதி சாலமனின் பெயர் 1986 என்ற ஓராண்டோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியராக அவர் வழிநடத்திய ஆய்வில்தான் இந்நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. 2015 ஜூலையில் அவர் மறைந்தபோதும், 2017இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும் இந்தக் கண்டுபிடிப்பே முன்னிறுத்தப்பட்டது. அவருடைய அறிவியல் பங்களிப்பின் கனம் அந்த ஆண்டில் இல்லை, 1993க்குப் பிறகு தியாகராய நகரிலும் அடையாற்றை ஒட்டிய தரமணியிலும் நடந்த வேலையில் இருக்கிறது என்பது என் வாதம். முதல் கட்டத்தில் விடுபட்ட ஒரு கடமையை இரண்டாம் கட்டம் ஏற்றுக்கொண்டது என்று பார்க்கும்போதுதான் அவர் பணிவாழ்வின் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், இந்தியக் குடும்ப ஒழுக்கம் அதை அண்டவிடாது என்ற நம்பிக்கை அன்று அதிகாரிகளிடமும் மருத்துவர்களிடமும் ஊறிக் கிடந்தது. மும்பையில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தும் தொற்று தென்படவில்லை. இந்த நிலையில்தான் சுனிதி தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுக்கச் சொன்னார். நிர்மலா அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களில் தொடங்கி, காவல்துறை பிடித்துவந்த பாலியல் தொழிலாளர்களை அரசு அடைத்துவைத்திருந்த காப்பகம் வரை சென்றார். கையுறைகூட இல்லாமல் மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். பிரித்தெடுத்த சீரம் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காத்திருந்தது. எலிசா சோதனை வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் காட்பாடிக்கு இரவு ரயில் ஏறி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு மாதிரிகளைக் கொண்டுபோனார்கள். ஜேக்கப் ஜானின் வைராலஜித் துறையில் ஆறு மாதிரிகள் தொற்றைக் குறிக்கும் மஞ்சள் நிறம் காட்டின. அதே பெண்களிடம் மீண்டும் இரத்தம் எடுத்து அமெரிக்காவில் செய்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் முடிவை உறுதிசெய்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்பவர்கள் ஓரிடத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் தரும் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்ற கேள்வியும் எழவில்லை. இன்றைய அளவுகோலை அன்றைக்குப் பொருத்துவது நியாயமா என்று கேட்கலாம். மனிதர்கள்மீது நடத்தும் ஆய்வுக்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980லேயே வெளியிட்டிருந்தது. ஆகவே அளவுகோல் பின்னாளில் பிறந்ததல்ல. அதைவிடக் கனமான சான்று, அடுத்து நடந்தது. தொற்று இருப்பதையே காரணமாக்கிச் சென்னைக் காப்பகத்தில் பெண்கள் தொடர்ந்து தடுத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. கோவாவில் 1989இல் தொற்று கண்டறியப்பட்ட டொமினிக் டிசோசாவுக்கும் இதே கதி நேர்ந்தது. சரியாகச் செய்யப்பட்ட ஒரு சோதனை, அதற்குப் பின் யாரும் பொறுப்பேற்காதபோது, சோதிக்கப்பட்டவரைச் சிறைப்படுத்தும் ஆவணமாகிவிடுகிறது. அந்தத் தடுப்புக் காவலுக்கு ஆய்வாளர்கள் காரணமல்லர். ஆனால் முடிவைச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைப்பதோடு நுண்ணுயிரியலாளரின் வேலை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் எங்கே கொண்டுவிடும் என்பதை அது காட்டியது.

சுனிதியின் அடுத்த நகர்வுகளை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 1988இல் கல்லூரிக்குள்ளேயே எய்ட்ஸ் ஆதாரக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1993இல் அரசுப் பணியை விட்டுவிட்டு, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தை நிறுவினார். தியாகராய நகர் ராமன் தெருவில் இயங்கிய அந்த மையம் பின்னர் தரமணியில், கே.எஸ். சஞ்சீவி உருவாக்கிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை வளாகத்துக்கு மாறியது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, ரகசியக் காப்பு, மற்ற மருத்துவர்கள் தொடத் தயங்கியவர்களுக்குச் சிகிச்சை என எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் நடந்தன. அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அரசின் இலவச மருந்து இல்லாமலேயே நோயாளிகள் அங்கே திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதை நான் முக்கியமான தரவாகக் கருதுகிறேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வருகிறது: இதெல்லாம் சேவை, அறிவியல் அல்ல, ஆய்வுக்கூடத்தை விட்டுச் சமூகப் பணிக்குப் போனவரை நுண்ணுயிரியலாளர் என்று எப்படி மதிப்பிடுவது? மையத்தின் ஆய்வுகளே இதற்குப் பதில் சொல்கின்றன. அங்கு வந்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வு, அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மணமானவர்கள், கணவரைத் தவிர வேறு துணை இல்லாதவர்கள் என்று காட்டியது. தொற்று ஒழுக்கக்கேட்டின் கூலி என்ற கருத்தை உடைத்த தரவு அது. மணவாழ்வையே தொற்றுக்கான வாய்ப்பாகக் கணக்கிடச் சொன்ன தரவும் அதுவே. காவலில் வைத்து எடுத்த இரத்தத்தால் இந்த உண்மையைத் தந்திருக்க முடியாது. ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சொல்லத் துணியும் இடத்தில்தான் இப்படியொரு தரவு பிறக்கும். எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வுக்கும் இதே வாதம் பொருந்தும். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 இணையர்களை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கண்காணித்த அந்த ஆய்வில் சென்னை மையமும் ஒரு களம். முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் அது நிறுவியது. ஆண்டுக்கணக்கில் இருவரும் சேர்ந்து வந்துபோகாமல் இப்படியோர் ஆய்வு நடக்காது. நம்பிக்கை இங்கே ஆய்வுமுறையின் ஓர் உறுப்பாகவே வேலை செய்தது.

இன்னொரு மறுப்பு, கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பது பற்றியது. களத்தில் அலைந்தவர் நிர்மலா, சோதித்தவர்கள் வேலூர்க் குழுவினர்; பிறகு சுனிதியை மட்டும் கண்டுபிடிப்பாளர் என்பது முறையா? முறையில்லை என்றே நானும் சொல்வேன். யாரும் கேட்க விரும்பாத கேள்வியைக் கேட்டது சுனிதியின் பங்கு. அது பெரிது, ஆனால் முழுமையல்ல. நிர்மலா 1987இல் ஆய்வேட்டை ஒப்படைத்தபின் கிண்டி கிங் நிலையத்தில் சேர்ந்து 2010 வரை பணியாற்றி ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. ‘முதலில் கண்டவர்’ என்ற பட்டத்தைச் சுனிதிக்கு மட்டும் சூட்டுவது நிர்மலாவுக்கும் அநீதி, சுனிதிக்கும் குறைமதிப்பு; அவருடைய உண்மையான கனம் கண்டுபிடிப்புக்குப் பின் வந்த நடைமுறையில் இருக்கிறது. 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்கிறது. இதற்காக உழைத்தவர்கள் பலர். வழக்கறிஞர்களும் தொற்றோடு வாழ்பவர்களும் அதில் முன்னின்றார்கள். அந்த விதி சட்டமாவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே சென்னையில் ஒரு நுண்ணுயிரியலாளரின் மையத்தில் அன்றாட நடைமுறையாக இருந்தது. அவரைப் பற்றிய பாடநூல் குறிப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.